நடுப்புள்ளி அசைவதில்லை

ராடாரின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவர்களின் சரித்திரமாகவே எழுதியிருக்கிறார்கள். யார் முதலில், எந்த வருஷம், பெருமை எந்த தேசத்துக்கு என்பதுதான் அவர்களுக்குப் பிரச்னை. யந்திரம் செய்யப்பட்ட பிறகு அதன் திரையைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்ள மனிதன் எப்படிக் கற்றான், கற்க எத்தனை காலம் பிடித்தது, கற்காததால் என்ன ஆயிற்று என்பது வேறு ஒரு சரித்திரம். எனக்கு அக்கறை இந்த இரண்டாவதில்தான். இதன் கடைசி அத்தியாயம் போர்க்கப்பலிலோ பெரிய பயணக் கப்பலிலோ நடக்கவில்லை. சனி ஞாயிறுகளில் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களின் 25 அடி, 30 அடிப் படகுகளில் நடக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு முன் கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும்.

1904 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் நதிக்கரையில், 22 வயது இளைஞர் ஒருவர் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டினார். கிறிஸ்டியன் ஹ்யூல்ஸ்மையர் என்று பெயர். மின்காந்த அலைகள் உலோகத்தில் பட்டுத் திரும்பும் என்பதை 1880களிலேயே ஹெர்ட்ஸ் நிரூபித்திருந்தார். அதைக் கப்பலுக்குப் பயன்படுத்தலாம் என்பது இவருடைய யோசனை. நதியில் கப்பல் வந்தால் பெட்டியில் மணி அடித்தது, போய்விட்டால் நின்றது. 'டெலிமொபிலோஸ்கோப்' என்று பேர் வைத்து, ஏப்ரல் 30-ஆம் தேதியிலிருந்தே காப்புரிமையும் பதிவு செய்திருந்தார். ஜூனில் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல் கம்பெனிக்காரர்களுக்குச் செய்து காட்டினார். யாரும் வாங்கவில்லை. கடற்படையும் வேண்டாம் என்றுவிட்டது.

ஹ்யூல்ஸ்மையரின் தோல்விக்கு அனுதாபப்படுவது வழக்கம். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அவர் நினைத்தது யுத்தத்தை அல்ல, மூடுபனியை. மூடுபனியில் கப்பலும் கப்பலும் மோதிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, அவர் யந்திரம் படம் எதையும் காட்டவில்லை. மணிதான் அடித்தது. மணி அடித்தால் நிற்க வேண்டும், சுற்றிப் பார்க்க வேண்டும், சங்கு ஊத வேண்டும். மணியோசைக்கு வியாக்கியானம் தேவையில்லை. ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதாகப் பாசாங்கு செய்யவும் இல்லை. பின்னால் வந்த படம் அப்படி இல்லை.

நடுவில் 30 வருஷம் விட்டுவிடலாம். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் டாவன்ட்ரி பக்கத்தில், பி.பி.ஸி.யின் சிற்றலை ஒலிபரப்பைப் பயன்படுத்தி, பறக்கிற குண்டுவீச்சு விமானத்தின் எதிரொலியை வாட்ஸன்-வாட்டும் வில்கின்ஸும் பிடித்துக் காட்டினார்கள். 1940 தொடக்கத்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் மாக்னெட்ரான் செய்தார்கள். அலைநீளம் பத்து சென்டிமீட்டருக்குச் சுருங்கியது. அதனால்தான் ராடார் கப்பலில் ஏறும் அளவுக்குச் சிறிதாயிற்று. இதெல்லாம் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது.

புத்தகங்களில் குறைவாகச் சொல்லப்படுவது திரையின் முன் உட்கார்ந்தவர்களைப் பற்றி. யுத்தத்தின் ஆரம்ப வருஷங்களில் இங்கிலாந்தின் கரையோர நிலையங்களில் திரை என்பது ஒரு கிடைக்கோடு மட்டுமே. விமானம் வந்தால் அந்தக் கோட்டில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடம் தூரத்தைச் சொல்லும். பள்ளம் துடிக்கிற விதத்தை வைத்து வருவது ஒன்றா, பத்தா, ஐம்பதா என்று சொன்னவர்கள், விமானப்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். ஓயாமல் நடுங்கும் கோடு, அதற்குள் ஒரு பள்ளம், அதன் நடுக்கம் மற்றதிலிருந்து கொஞ்சம் வேறு. ராடாரின் முதல் வாசகர்கள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும். தாங்கள் பார்ப்பது விமானம் அல்ல, ஒரு குறி மட்டுமே என்பதை அவர்கள் மறக்கவே முடியாது. கோட்டில் விழுந்த பள்ளத்தை யாரும் விமானம் என்று மயங்க மாட்டார்கள்.

அப்புறம் வட்டத் திரை வந்தது. நடுவிலிருந்து ஓர் ஒளிக்கோடு கடிகார முள் போலச் சுற்றும். அது பட்ட இடத்தில் எதிரொலி இருந்தால் ஒரு பொட்டு பூத்து மெதுவாக மங்கும். மேலே இருந்து கடலைப் பார்ப்பது போல, கரையும் தீவும் கப்பலும் அதனதன் இடத்தில். வெளிச்சம் படாமல் இருக்க ரப்பர் மூடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டி பார்க்கும் சிறுவனைப் போலக் கப்பல் அதிகாரி அதைப் பார்ப்பார். பார்த்தவர்கள் எல்லோரும் இது தேசப்படம் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள். என் அபிப்பிராயத்தில் கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தேசப்படத்தில் பார்க்கிறவன் இல்லை. இந்தப் படத்தில் அவன் நட்ட நடுவில் இருக்கிறான். அவன் அசைவதே இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. நான் ஒரு படகில் மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். திரையில் என் படகு நடுப்புள்ளி; அது அங்கேயே இருக்கிறது. ஆகவே கடலில் நங்கூரமிட்ட மிதவை, கரை, கலங்கரை விளக்கம் எல்லாம் மணிக்கு 6 மைல் வேகத்தில் என் முன்னாலிருந்து பின்னால் நகர்கின்றன. நிற்பதெல்லாம் நகர்கிறது, நகர்கிற நான் நிற்கிறேன். வலப்பக்கத்திலிருந்து, என் பாதைக்குச் சரியாகக் குறுக்கே, 20 மைல் வேகத்தில் ஒரு கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் அதன் தடம் குறுக்குக்கோடாக விழாது. கிட்டத்தட்ட 17 டிகிரி பின்பக்கம் சாய்ந்து விழும். அந்தச் சாய்ந்த தடம் நடுப்புள்ளியை நோக்கி வந்தால் மோதல் நிச்சயம். ஆனால் அந்தக் கப்பலின் முகம் என்னைப் பார்த்து இருக்காது. அது நான் இருக்கும் இடத்தைப் பார்த்து வரவில்லை. நான் இருக்கப்போகும் இடத்தைப் பார்த்து வருகிறது. திரையில் அதன் தடம் என்னை நோக்கி இருக்கிறது, கடலில் அதன் முகம் வேறெங்கோ இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தற்செயல்தான்.

மற்றவன் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டுமானால், என் அசைவைத் திரையிலிருந்து கழிக்க வேண்டும். கழிப்பதற்கு முதலில் நான் அசைகிறேன் என்பதே ஞாபகத்தில் இருக்க வேண்டும். (நம் விமர்சகர்களில் சிலர், ஒரு கவிஞன் தங்களை விட்டு விலகிப் போய்விட்டதாகப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எழுதுகிறார்கள். அவன் எங்கே மிதவை போட்டானோ அங்கேயே இருப்பான்.)

பெரிய கப்பல்கள் இந்தப் பாடத்தை எந்த விலைக்குக் கற்றன என்பதற்கு 1956 ஜூலை 25 இரவு ஒன்றே போதும். நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது 'ஆண்ட்ரியா டோரியா' என்ற இத்தாலியப் பயணக் கப்பல். மத்தியானத்திலிருந்தே மூடுபனி. வேகத்தைப் பேருக்குக் குறைத்து 22 நாட்டுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. எதிரே நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஸ்வீடன் கப்பல் 'ஸ்டாக்ஹோம்', சுமார் 18 நாட். இரண்டிலும் ராடார் இருந்தது, இரண்டும் வேலை செய்தன, இரண்டு கப்பல்காரர்களும் ஒருவரையொருவர் பல மைலுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். நான்டக்கெட் பக்கத்தில், இரவு 11 மணிக்குக் கொஞ்சம் பின்னால், ஸ்டாக்ஹோமின் பனி உடைக்கும் அணியம் இத்தாலியக் கப்பலின் வலது விலாவில் புகுந்தது. 51 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை 10 மணிக்குப் பிறகு ஆண்ட்ரியா டோரியா மூழ்கியது.

பார்த்தும் மோதினார்கள் என்பதுதான் எல்லோரையும் கலக்கியது. விசாரணையில் வெளிவந்தது இது. இத்தாலியக் கப்பலில் 17 மைலில் எதிர்க்கப்பலைப் பார்த்தபோது அது சுமார் 4 டிகிரி வலப்பக்கம். வலப்பக்கமாகவே கடந்துவிடும் என்று காப்டன் கலாமாய் தீர்மானித்து, இடைவெளி இன்னும் கிடைக்கட்டும் என்று இடப்பக்கம் கொஞ்சம் திரும்பினார். கடலின் பொது வழக்கம் இதற்கு நேர் எதிர். நேருக்கு நேர் வரும் கப்பல்கள் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டாக்ஹோமில் காவலில் தனியாக இருந்த மூன்றாம் அதிகாரி கார்ஸ்டென்ஸ்-யோஹான்ஸனோ, 10 மைலில் எதிர்க்கப்பல் 2 டிகிரி இடப்பக்கம் என்று குறித்தார். அவர் வலப்பக்கம் திரும்பினார். ஒருவருக்கு மற்றவர் வலப்பக்கம், அவருக்கு இவர் இடப்பக்கம். இரண்டு சாட்சியங்களும் ஒரே கடலில் உண்மையாக இருக்க முடியாது.

17 மைலில் 4 டிகிரி என்றால் பக்கவாட்டில் 1.2 மைல். 10 மைலில் 2 டிகிரி என்றால் 0.35 மைல். கப்பலின் முகம் அலையில் ஒன்றிரண்டு டிகிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் திரையில் கோணத்தை வாசித்தால் அந்த ஆட்டமும் சேர்ந்தே வாசிக்கப்படும். இரண்டும் சேர்ந்து மணிக்கு 40 மைல் நெருங்குகின்றன. 10 மைல் கரைய 15 நிமிஷம். இந்த 15 நிமிஷத்தில் ஒரு தரம் பார்த்தது போதாது. திரும்பத் திரும்பக் குறித்துப் பொட்டு எந்தக் கோட்டில் வருகிறது என்று காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரியா டோரியாவில் யாரும் போடவில்லை. ஸ்டாக்ஹோமில் போட்டார்கள். ஆனால் அங்கே ராடாரின் தூர அளவு 15 மைலுக்கு வைத்திருப்பதாக நினைத்து 5 மைல் அளவில் வாசித்திருக்கலாம் என்று பின்னாட்களில் சிலர் வாதித்தார்கள். அப்படியானால் 6 மைல் என்று நினைத்தது 2 மைல். இதையும் நிரூபித்தாகவில்லை. கப்பல் கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாகிவிட்டதால் தீர்ப்பே இல்லாமல் போயிற்று.

கொலோனில் மணியடித்துக் காட்டிய ஹ்யூல்ஸ்மையர் அப்போது உயிரோடு இருந்தார். மோதல் நடந்து ஆறு மாதம் கழித்து, 1957 ஜனவரி 31 அன்றுதான் இறந்தார்.

பிறகு சட்டம் வந்தது. 1960 சர்வதேச மாநாட்டில் கடல் விதிகளோடு ராடார் பற்றிய ஓர் இணைப்பைச் சேர்த்தார்கள். 1972-இல் விதிகளையே புதிதாக எழுதினார்கள். அவை 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின் 7-ஆம் விதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். சட்டப் புத்தகத்தில் அபூர்வமாகவே இப்படி நடக்கிறது: வாசிக்கும் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு விதி. அரைகுறைத் தகவலை, அதிலும் ராடாரிலிருந்து கிடைத்த அரைகுறைத் தகவலை, வைத்துக்கொண்டு எதையும் அனுமானிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. வேலை செய்யும் ராடார் கப்பலில் இருந்தால் அதை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும். 'கப்பல்' என்பதில் 25 அடிப் படகும் அடக்கம். ராடார் இல்லாத படகுக்காரனுக்கு இந்தக் கடமை இல்லை. கடையில் ஒரு ராடார் வாங்கிப் பாய்மரத்தில் மாட்டிய கணத்தில் அவன் வாசகனாகச் சட்டப்படி கடமைப்பட்டவன் ஆகிவிடுகிறான். வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் சொந்தப் படகை உல்லாசத்துக்கு ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. ராடாருக்கு ஒருநாள் வகுப்பு உண்டு. போனால் போகலாம், போகாவிட்டால் கேட்பாரில்லை.

சவுத்தாம்ப்டனில் நான் வேலை பார்த்த சில வருஷங்களில், 1990களின் நடுவில், என்னுடன் வேலை பார்த்த ஒருவர் 27 அடி பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். அதில் ராடார் மாட்டியதும் அவர் செய்த முதல் காரியம், வெயில் காய்கிற நாளாகப் பார்த்து அதை ஓட்டியதுதான். மூடுபனிக்கு வாங்கியதை வெயிலில் ஓட்டுவானேன் என்று கேட்டேன். "வெயிலில்தான் விடை கையில் இருக்கிறது. மூடுபனியில் கேள்வி மட்டும்தான் இருக்கும்" என்றார். அவரைவிடச் சுருக்கமாக இதை நான் எங்கும் படித்ததில்லை. முதலில் திரையைப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு தலையைத் தூக்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். இப்படி இரண்டு கோடைகாலங்கள் சோலன்ட் கால்வாயில் அவரோடு பழகினேன்.

சிறு படகின் ராடார் பெரிய கப்பலின் ராடாரைச் சின்னதாக்கியது அல்ல. இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. பெரிய கப்பலில் 6 அடி அகல ஆன்டெனா இருக்கும். அதன் கற்றை 1.2 டிகிரி அகலம். படகில் 18 அங்குல மூடிக்குள் அடங்கிய ஆன்டெனா, கற்றை 5 டிகிரி. கற்றை அகலமாக ஆக, பொட்டுகள் பக்கவாட்டில் வீங்கும். இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே 200 மீட்டர் அகலத் துறைமுக வாயில் இருக்கிறது. கண்ணுக்குத் திறந்திருக்கும் வாயில் 2 மைல் தூரத்திலிருந்து திரையில் மூடியே இருக்கும். சுவர் இடைவெளியில்லாமல் ஓடும். சுமார் ஒன்றேகால் மைலுக்குள் வந்த பிறகுதான் நடுவில் ஒரு கீறல் விழும். அதுவரை அந்த வாயில் அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்ட விஷயங்களில் என் உடம்பு கடைசிவரை ஒத்துக்கொள்ளாதது இதுதான்.

உயரம் இன்னொரு வம்பு. பெட்டியில் 16 மைல் என்று எழுதியிருக்கும். ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் தொடுவானம் நாலரை மைலுக்கும் குறைவு. அதற்கப்பால் உயரமான கப்பலின் மேல்பாதியோ மலையோ தெரியும். தாழ்ந்தது எதுவும் தெரியாது. லிமிங்டன் பக்கத்துச் சதுப்புக் கரை திரையில் வருவதே இல்லை. அதற்கு உள்ளே எங்கோ உயர்ந்த நிலம்தான் கரை மாதிரி நிற்கும். ஃபாலி மின்நிலையத்தின் 198 மீட்டர் புகைபோக்கி அந்தப் பக்கத்துப் படகுக்காரர்களுக்கெல்லாம் கண்கண்ட தெய்வம். 2021-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். திரையில் அது ஒரு நாளும் தெய்வமாக இருந்ததில்லை. கரையின் வீக்கத்தில் ஒரு பகுதி, அவ்வளவே. கண்ணின் முக்கியஸ்தர்கள் வேறு, ராடாரின் முக்கியஸ்தர்கள் வேறு. ஓர் ஆள் உயரமே இருக்கும் மிதவை, மேலே உலோக மூலைகள் வைத்திருந்தால், அழுத்தமான பொட்டாகப் பூக்கும். நாப் கோபுரம் போன்ற சில இடங்களில் ராடார் அலை பட்டால் பதில் சொல்லும் கருவி உண்டு. அது திரையில் தன் பொட்டுக்குப் பின்னால் மோர்ஸில் ஓர் எழுத்தை வரையும். அந்தத் திரை முழுவதிலும் தன் பெயரைத் தானே சொல்வது அது ஒன்றுதான்.

பாய்மரப் படகு காற்றில் சாயும். கற்றை மேல்கீழாக 25 டிகிரி விரிந்திருப்பதால் கொஞ்சம் சாய்ந்தால் பாதகமில்லை. 20 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கம் பக்கத்துத் தண்ணீரையும் மறு பக்கம் ஆகாசத்தையும் பார்க்கும். அலையும் எதிரொலிக்கும். நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு மைலுக்கு மாவு தூவியது போல இருக்கும். அதைத் துடைக்க ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் திரை சுத்தமாகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சுத்தத்தில் சிறு படகுகளும் போய்விடும். என் நண்பர் அந்தக் குமிழை எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவார். குப்பையோடு இருக்கட்டும், குப்பைக்குள் எது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைப் பார் என்பார்.

கடைசியாகத்தான் கணக்கு. 6 நிமிஷம் என்பது ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. ஆகையால் 6 நிமிஷத்தில் போன தூரத்தைப் பத்தால் பெருக்கினால் வேகம். ஒரு பொட்டைக் குறித்துக்கொள்கிறோம். 6 நிமிஷம் கழித்து மறுபடி குறிக்கிறோம். இரண்டையும் சேர்த்து நீட்டினால் எவ்வளவு அருகில் கடக்கும் என்று தெரிந்துவிடும். அது சுலபம். பிறகு ஒரு கேள்வி: அந்தப் பொட்டு கடலில் அசையாமல் நின்றிருந்தால் இப்போது எங்கே இருந்திருக்கும்? முதல் குறியிலிருந்து, நாம் போகும் திசைக்கு எதிராக, நாம் 6 நிமிஷத்தில் போன 0.6 மைல் அளந்து ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டாவது குறிக்கு ஒரு கோடு. அந்தக் கோடுதான் அவனுடைய உண்மையான போக்கு. சின்ன முக்கோணம், பள்ளிக்கூடப் பையன் போட்டுவிடுவான். ஆடும் படகில், ஈரக் காகிதத்தில், ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு போடுவது வேறு. ஸதாம்ப்டனுக்கும் கௌஸுக்கும் நடுவே ஓடும் பயணிப் படகுகளை வைத்து இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். இருபது தடவைக்குப் பிறகு, காகிதம் இல்லாமலே அந்த மூன்றாவது புள்ளி எனக்குத் திரையில் தெரிய ஆரம்பித்தது. இல்லாத புள்ளி அது. அதைப் பார்க்கக் கற்பதுதான் ராடார் கற்பது.

இந்தக் கல்வி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2003 மே 28 அன்று ஆங்கிலக் கால்வாயில் 'வாகூனா' என்ற சொந்தப் படகுக்கு நேர்ந்தது சாட்சி. சுமார் 47 அடி, ஐந்து பேர், நல்ல ராடார். கடுமையான மூடுபனி. எதிரே 'பி அண்ட் ஓ நெட்லாய்ட் வெஸ்பூச்சி' என்ற கன்டெய்னர் கப்பல், 25 நாட். பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வில்லன் யாரும் இல்லை; வாசகர்கள்தான் இருக்கிறார்கள். படகோட்டி கப்பலை ராடாரில் பார்த்தார். அபாயம் உண்டா இல்லையா என்று அதை வைத்துத் தீர்மானிக்க அவருக்கு இயலவில்லை. மூடுபனியில் யாருக்கும் வழியுரிமை கிடையாது, இரண்டு பேருக்கும் ஒரே கடமை என்ற விதியையும் அவர் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை. வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். கப்பலில் இருந்ததோ தானே கணக்குப் போடும் ராடார். முக்கோணத்தை யந்திரமே போட்டு, இவ்வளவு தூரத்தில் கடக்கும் என்று எண்ணில் எழுதிக் காட்டியது. குறைவான தூரம்தான். காப்டன் அந்த எண் துல்லியமானது என்று நம்பி, போதும் என்று விட்டுவிட்டார். கணக்கு என்பது இரண்டு பேரும் இப்படியே போனால் என்ற நிபந்தனையோடு வருவது. படகின் முன்பகுதி சிதைந்தது, பாய்மரம் விழுந்தது, படகு மூழ்கியது. ஐந்து பேரும் உயிர்காப்பு மிதவையில் ஏறிப் பல மணி நேரம் கழித்து மீட்கப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை. மோதியது கப்பலுக்குத் தெரியவே இல்லை. அது அதே பாட்டில் போய்விட்டது.

ஒருவருக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. மற்றவர் போட்ட கணக்கைத் தான் போடவில்லை. இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்போது அந்தக் கழித்தலைச் சிறு படகின் யந்திரமும் செய்துகொள்கிறது. மாக்னெட்ரான் இல்லாத ராடார்கள் வந்துவிட்டன. நெருங்கி வருவதைச் சிவப்பாகத் தீட்டிக் காட்டும் திரைகள் 2010களில் சொந்தப் படகுகளுக்கு வந்தன. படகின் வேகத்தைச் செயற்கைக்கோளிடமிருந்து தெரிந்துகொண்டு, அதைக் கழித்துவிட்டு, நிற்கும் மிதவைக்கு நிறம் கொடுக்காமல் விடுகின்றன. பெரிய கப்பல்கள் தம் பெயரையும் வேகத்தையும் வானொலியில் தாமே சொல்லிக்கொண்டு போகின்றன; சொந்தப் படகுகளுக்கு அது கட்டாயமில்லை.

2006 ஆகஸ்ட் 20 இரவு வைட் தீவுக்குத் தெற்கே 'ஊஸோ' என்ற சிறு பாய்மரப் படகு காணாமல் போயிற்று. அதிலிருந்த மூன்று பேரும் இறந்தார்கள். 'ப்ரைட் ஆஃப் பில்பாவ்' என்ற பெரிய பயணக் கப்பல் அதை மோதியிருக்க வேண்டும், அல்லது அலையில் மூழ்கும் அளவுக்கு அருகில் கடந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. கப்பலின் ராடாரில் படகு பெரும்பாலும் தெரிந்தே இருக்காது. அதற்குப் பிறகு, படகுகள் பாய்மரத்தில் கட்டிக்கொள்ளும் ராடார் பிரதிபலிப்பான்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒல்லியான குழாய் வகை உதவாது என்று தெரிந்தது. கண்ணாடி இழைப் படகு ராடாருக்கு ஏறக்குறைய காற்று. திரையில் எத்தனை நிறம் இருந்தாலும் எதிரொலி வராத இடத்தில் தீட்டுவதற்கு ஒன்றுமில்லை. எண்முகத் தகடு வாங்குகிறவர்கள் அதைக் கூர்முனையைப் பிடித்துத் தொங்கவிடுவதுதான் வழக்கம், பார்க்க நன்றாக இருக்கும் என்று. அப்படிக் கட்டக் கூடாது. மழை பெய்தால் நீர் தேங்கும்படி ஒரு குழி நேராக மேல்நோக்கி இருக்குமாறு கட்ட வேண்டும்.